அசையாத மைனஸ் பதினெட்டு

மைனஸ் பதினெட்டுப் பாகைக் குளிரில் மனிதன் இருக்கமாட்டான். அந்தக் குளிருக்குள் இருந்து யாரோ இருமினார்கள்.

றேமண்டுக்கு அது நன்றாகவே கேட்டது. அடக்கிப் பார்த்து, அடக்க முடியாமல், தொண்டைக்குள் நசுங்கி வெளியே வந்த இருமல். இரண்டாம் இலக்கக் குளிரறையின் கனத்த கதவுக்குப் பின்னால் இருந்துதான் வந்தது. கதவுக்கு மேலே இருந்த சின்னப் பெட்டியில், சிவப்பு எழுத்தில் −18.0 என்று எரிந்துகொண்டிருந்தது.

அவனுடைய கால்கள் இரண்டும் வாசல் பக்கம் திரும்பிவிட்டன. மேல் உடம்பு மட்டும் மரியாதைக்காக அங்கேயே நின்றது.

"மிஸ்," என்றான், உதடு அசையாமல். "உள்ளுக்கு யாரோ இருமுறாங்க."

சாம்பவி திரும்பிப் பார்க்கவில்லை. "எத்தினை தரம்?"

"ஒருக்காத்தான். எனக்கு அது போதும். நாங்க போவமா?"

"மெதுவாக் கதையும். கையில என்ன?"

"நகம் வெட்டி. பயம் வந்தா நகத்தைக் கடிக்கிறேன் எண்டு வைஃப் வாங்கித் தந்தது. உங்களோட வேலைக்கு வந்த பிறகு வெட்ட நகமே மிச்சம் இல்ல."

வெளியே கொட்டாஞ்சேனை முழுவதும் மழையில் தோய்ந்துகொண்டிருந்தது. பிற்பகல்தான், ஆனால் அந்த மீன் குளிர்களஞ்சியத்தின் நீண்ட நடைக்குள் மாலை வந்துவிட்டது போல இருட்டு. ஒரு பக்கம் குளிரறைகள் இரண்டு. அவற்றின் சுவரோடு ஆளுயரத்துக்கு அடுக்கிய மீன் பெட்டிகள். கூரையில் இருந்து தொங்கிய இரும்புக் கொளுக்கிகள் காற்றுக்கு ஒன்றோடொன்று உரசும்போதெல்லாம் றேமண்ட் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

காலையில் வெள்ளவத்தையில், காலி வீதித் துணிக்கடைக்கு மேலே இருக்கும் சாம்பவியின் துப்பறியும் அலுவலகத்துக்கு றேணுகா வந்திருந்தாள். அவளுடைய கணவன் றமேஷ் துறைமுகத்தில் சரக்கு மீட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் எழுதுவினைஞன். போன கிழமை வேலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தது அந்த நிறுவனத்தின் முதலாளி சாரங்கன். செலவு முழுக்கத் தன்னுடையது என்றார். எப்போதும் சிரித்த முகம், இஸ்திரி கலையாத வெள்ளைச் சேட்.

"அதுக்கு முதல் நாள் ஒருகொடவத்தை கொண்டெய்னர் யார்ட்டில காவல் நிண்ட வாச்சர் ஒருத்தன் பெட்டி விழுந்து செத்துப்போனான், மிஸ்," என்றாள் றேணுகா. "அண்டைக்கு இரவு இவர் சாப்பிடயில்ல. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்."

"விபத்து, அக்கா," என்றார் சாரங்கன் சாம்பவியிடம். "கண்ணால கண்டதில பெடியன் பயந்திட்டான்."

றேணுகா எழும்பும்போது சொன்னதுதான் றேமண்டின் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. "உயிரோட இருக்கிறாரா இல்லையா எண்டு மட்டும் சொல்லுங்க. அவருக்காக நேர்த்தி வைக்கிறதா, ஆத்துமாவுக்குப் பூசை ஒப்புக்குடுக்கிறதா எண்டு தெரியாம நிக்கிறேன்."

றமேஷ் றேமண்டுக்கும் தெரிந்தவன். கொட்டாஞ்சேனையில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடுகிறவர்கள். றமேஷ் சுருதியோடு பாடுவான். றேமண்ட் சத்தத்தோடு பாடுவான்.

றமேஷின் மோட்டார் சைக்கிள் இந்தக் குளிர்களஞ்சியத்துக்குப் பின் ஒழுங்கையில் நிற்பதைக் கண்டுபிடித்ததும் சாரங்கன்தான். இப்போது அவர் நடையின் மறுகோடியில் குடையை உதறிக்கொண்டே, களஞ்சியக்காரி பிறிஜெற்றோடு தேனொழுகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்க என்ன அன்ரி?"

"இறால்." பிறிஜெற் எழுபதைத் தொட்ட விதவை. மீன் செதிள் ஒட்டிய ஏப்ரன், கழுத்தில் செபமாலை. ஏப்ரன் நுனியைப் பிடித்திருந்த கை நடுங்கியது. சாம்பவியின் பார்வை அந்தக் கையில் நின்று, பிறகு கதவுக்குப் போனது.

"ஒருக்காத் திறந்து காட்டுவீங்களோ?" என்று கேட்டாள் சாம்பவி.

"திறந்தா குளிர் போகும். கரண்ட் பில்லை நீங்க கட்டுறீங்களா?"

சாரங்கன் வாய்விட்டுச் சிரித்தார். "விடுங்கோ அக்கா. மைனஸ் பதினெட்டு. இதுக்குள்ள மனுசன் அரை மணித்தியாலம் தாங்கமாட்டான். இஞ்ச இல்லை, வேற இடம் பார்ப்பம்."

சாம்பவி அசையவில்லை. முன்பு காப்புறுதிக் கம்பனியில் இருந்தவள். பழுதான மீனுக்கு இழப்பீடு கேட்டவர்களுடைய குளிரறைகளைப் பார்த்துப் பார்த்தே பாதி வாழ்நாளைக் கழித்தவள். முதலாம் அறையின் பெட்டியைப் பார்த்தாள். −17.6. கொஞ்சம் பொறுத்து −18.1. மோட்டார் ஒன்று உறுமி எழும்ப, −18.4. பிறகு இரண்டாம் அறையின் பெட்டி. −18.0. மீண்டும் பார்த்தாள். −18.0.

"றேமண்ட், கதவில கண்ணாடி இருக்குதெல்லோ? ஃபோன் வெளிச்சத்தை அடியும்."

"நானா?"

"பேய் எண்டால் முதல்ல உம்மைத்தான் பிடிக்கும். அதுக்கிடையில நான் ஓடிப்போடுவன்."

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணை மூடிக்கொண்டு வெளிச்சத்தை அடித்து, பிறகு ஒற்றைக் கண்ணைத் திறந்தான். கண்ணாடி தெளிவாக இருந்தது. உட்பக்க விளிம்பில் ஒரு தேத்தண்ணிக் கிளாஸ். கிளாஸில் தண்ணீர். அடியில் ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்று.

"ஒண்டும் இல்ல மிஸ். ஒரு கிளாஸ். அதுக்குள்ள அஞ்சு ரூபா. பேயும் எங்களை மாதிரிக் கஷ்டத்திலதான் இருக்கு."

சாம்பவி முதலாம் அறைக் கண்ணாடியையும் பார்த்தாள். பனி மூடியிருந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு நடந்தாள். வாசலடியில், சுவரைத் துளைத்து இரண்டாம் அறைக்குள் போகும் மெல்லிய சாம்பல்நிற வயர் ஒன்றில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பிப் பார்த்துவிட்டு, பழையபடி ஒட்டினாள்.

"போவம்," என்றாள். "தேத்தண்ணி குடிக்க வேணும்."

வெளியேறும்போது பிறிஜெற் றேமண்டின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்கள் ஐஸாக இருந்தன. "நாளைக்குக் கோயிலுக்கு வா மகன். தனிய வா." அவளுடைய கண் அவன் தோளைத் தாண்டி எங்கோ பார்த்தது. கிழவிக்கும் தன்னைப் போலப் பயம் பிடித்திருக்கிறது என்று மட்டும் றேமண்ட் நினைத்தான்.

*

"அய்யே, தே துனக்!" என்று றேமண்ட் கடைக்காரனிடம் மூன்று தேநீருக்குச் சொல்லிவிட்டு, மீன் ரோல்ஸ் ஒன்றை முழுதாக வாய்க்குள் தள்ளினான். வாய் நிறைந்திருந்தால் பல் தந்தியடிப்பது வெளியே தெரியாது.

"கரண்ட் வெட்டின காலம் ஞாபகம் இருக்கோ?" என்றாள் சாம்பவி.

"மறக்க ஏலுமா?" என்றார் சாரங்கன். "வெள்ளவத்தையில மெழுகுதிரி கூட இல்லை."

"அப்ப ஃபிறிட்ஜ் வச்சிருந்த சனம் எல்லாம் ஒரு வேலை செய்தது. கிளாஸில தண்ணியை உறைய விட்டு, மேல ஒரு காசை வைக்கிறது. நாங்கள் வீட்டில இல்லாத நேரம் கன நேரம் கரண்ட் போனால் ஐஸ் உருகும், காசு தாழும். பிறகு கரண்ட் வந்து திரும்ப உறைஞ்சாலும் காசு அடியிலதான். மீன் பழுது, விக்கக் கூடாது எண்டு அந்தக் காசு சொல்லும். முதலாம் அறையில காசு ஐஸுக்கு மேல இருக்கு. இரண்டாம் அறையில தண்ணிக்கு அடியில. உறையவே இல்லை."

"ஆனால் போர்ட்டில மைனஸ் பதினெட்டு?" சாரங்கனின் சிரிப்பு கொஞ்சம் மெலிந்தது.

"அந்தப் பெட்டிக்குக் கண்ணும் இல்லை, தோலும் இல்லை. அறைக்குள்ள மிளகளவு சென்சர் ஒண்டு இருக்கும். தேமிஸ்டர் எண்டு பேர். சூட்டில மின்சாரத்துக்கு வழி விடும். குளிரக் குளிர மறிக்கும். மறிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக் கூடாது, மடங்கு மடங்காக் கூடும். எங்கட வீட்டுச் சூட்டில பத்தாயிரம் ஓம் மறிக்கிற சாமான் மைனஸ் பதினெட்டில எழுபதாயிரத்துக்கு மேல மறிக்கும். பெட்டி குளிரைப் பார்க்கிறதில்லை. மறிப்பைப் பார்த்துத்தான் நம்பரைப் போடுது."

றேமண்ட் ரோல்ஸை விழுங்கினான். "எங்கட மாமனார் மாதிரி. ரெண்டு போட்டுச் சூடானா பொக்கட்டில உள்ளதெல்லாம் தானா வெளியில வரும். விடியக் குளிர்ந்தா பத்துச் சதம் பேராது."

"அதேதான். இப்ப மாமனாரை எழுப்பிவிட்டு, அந்தக் கதிரையில ஒரு பொம்மையை இருத்தினால்? சென்சரைக் கழட்டிப்போட்டு, எப்பவும் அதே அளவு மறிக்கிற சின்னத் தடையி ஒண்டைக் கட்டியிருக்கினம். வாசலடியில டேப் சுத்தின இடம். நான் பார்த்தனான். அதுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. போதுமான குளிர் இருக்கெண்டு நினைச்சு பெட்டி மோட்டாரை எழுப்பவே எழுப்பாது. நம்பரும் அசையாது. உண்மையான குளிர் எண்டால் மேலும் கீழும் ஆடும். பொய்தான் ஒரே இடத்தில நிக்கும். மீனை எல்லாம் முதலாம் அறையிலயும் நடையிலயும் அடுக்கியிருக்கினம். இரண்டாம் அறை சாதாரண அறை. உள்ளுக்க றமேஷ் உயிரோட இருக்கிறான். அந்த மனுசி அவனைப் பிடிச்சு அடைச்சு வச்சிருக்கிறா. கை நடுங்கினதைக் கண்டனீங்கள்தானே?"

சாரங்கன் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல், மிகவும் கவனமாக வைத்தார்.

"என்ன மூளை அக்கா உங்களுக்கு," என்றார். "சும்மா கேக்கிறன், அந்த ரெண்டு வயரையும் நேரா முறுக்கிவிட்டால் என்ன நடக்கும்?"

"மறிப்பே இல்லாமல் போகும். உள்ளுக்க நெருப்புப் பிடிச்சிட்டுதெண்டு நினைச்சு, பெட்டி மோட்டாரை நிப்பாட்டாமல் ஓட்டும். உண்மையாவே உறைஞ்சுபோகும்."

"ஓகோ." எழுந்து குடையை எடுத்தார். "என்ர ஃபோன் கார்ல. பொலிசுக்குக் கதைச்சிட்டு வாறன். நீங்கள் ஆறுதலாக் குடியுங்கோ."

றேமண்ட் அவர் போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "முறுக்காம, வெட்டிவிட்டா?"

"பாதையே இல்லை, மறிப்புக்கு எல்லையும் இல்லை. உலகத்தில இல்லாத குளிர் எண்டு நினைச்சு மோட்டாரை நிப்பாட்டிப்போடும். நல்ல பெட்டி எண்டால் சென்சர் பழுது எண்டு கத்தும். இது மலிவுச் சாமான், அடிமட்ட நம்பரைத்தான் காட்டும்."

"வெட்டுறவனுக்குக் கரண்ட் அடிக்காதா?"

"அந்த வயரில ஓடுறது நுளம்பைக் கூடக் கொல்லாது. ஏன், வெட்டப் போறீரோ?"

"என்னைத் தெரியும்தானே மிஸ். பல்ப் மாத்தவே பூசை வைக்கிறவன்." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா ஒண்டு விளங்கயில்ல. பிறிஜெற் அன்ரி றமேஷை ஏன் பிடிச்சு அடைக்கிறாங்க? அவங்கதானே அவன்ட ஞானத்தாய்."

சாம்பவியின் கோப்பை பாதி வழியில் நின்றது. "என்ன தாய்?"

"ஞானத்தாய். ஞானஸ்நானத்தில அவனைக் கையில ஏந்தினவங்க. பெத்தவங்க இல்லாட்டிப் பிள்ளைக்கு அவங்கதான் பொறுப்பு. றமேஷ்ட அம்மா எப்பவோ செத்திட்டாங்க. கொட்டாஞ்சேனையில எல்லாருக்கும் தெரியும்."

"எனக்குத் தெரியாது! ஏன் சொல்லயில்லை நீர்?"

"நீங்க கேக்கல்லையே. சூரியன் கிழக்கால வருது எண்டு ஆராவது சொல்லுவாங்களா?" சொல்லி முடிக்கும்போதே அவனுடைய முகம் வெளுத்தது. "மிஸ்... ஞானத்தாய் பிள்ளையை அடைச்சு வைக்கமாட்டாங்க. ஒளிச்சு வைப்பாங்க."

"கதவுக்கு வெளியில பூட்டு இல்லை," என்றாள் சாம்பவி மெல்ல. தன்னோடு தானே கதைப்பது போல இருந்தது. "கண்டனான், கண்டும் யோசிக்கயில்லை. அடைச்சு வைக்கிற கதவுக்குப் பூட்டு வெளியில எல்லோ இருக்கும்? அவன் உள்ளுக்கால மறிச்சிருக்கிறான். அந்த மனுசி நடுங்கினது எங்களைக் கண்டில்லை. எங்களோட வந்த ஆளைக் கண்டு."

தனிய வா, மகன்.

வாச்சர் செத்ததைக் கண்ணால் கண்டவன் றமேஷ். அவனைத் தேடக் கார் கொடுத்து, காசு கொடுத்து, துப்பறிகிறவர்களையும் பிடித்துக் கொடுத்தவர் சாரங்கன்.

"அந்தாள் தன்ர ஃபோன் கார்ல இருக்கெண்டு சொல்லிப்போட்டுப் போறார்," என்றாள் சாம்பவி. "கார் இடப்பக்கம் நிக்குது. ஆள் எந்தப் பக்கம் போனது?"

"வலப்பக்கம்," என்றான் றேமண்ட்.

களஞ்சியம் வலப்பக்கம்.

*

ஓடும்போதே சாம்பவி பொலிசுக்குக் கதைத்தாள். அவர்கள் வருவார்கள், ஆனால் மழை, வாகன நெரிசல். களஞ்சியத்தின் இரும்புச் சுருள்கதவு இடுப்பளவுக்கு இறக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்து ஒரு சத்தம். முன்பு வந்தபோது இல்லாத சத்தம். இரண்டாம் மோட்டார் அடிவயிற்றில் இருந்து உறுமிக்கொண்டிருந்தது.

"நான் வெளியில காவல் நிக்கவா, மிஸ்?"

"வாரும்."

"வெளியிலயும் ஆபத்துத்தானே. தனிய நிண்டா—"

"றேமண்ட்!"

குனிந்து உள்ளே போனார்கள். மீன் பெட்டிகளின் மறைவில் குந்தினார்கள். சட்டைக்குள் ஐஸ் தண்ணீர் சொட்டியது. அலுவலக அறைக் கதவை யாரோ உள்ளே இருந்து அடித்தார்கள். "சண்டாளா! திறடா!" பிறிஜெற்றின் குரல். உயிரோடு இருக்கிறாள்.

பெட்டிகளின் இடுக்கால் றேமண்ட் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

வெள்ளைச் சேட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சாரங்கனின் கையில் மீன் வெட்டும் கத்தி. இரண்டாம் அறைக் கதவில் இரண்டு தரம் மெல்லத் தட்டினார். கதவுக்கு மேலே பெட்டியில் 99.9 எரிந்தது.

"றமேஷ்," என்றார். அதே தேனான குரல். "வெளியில வா தம்பி. றேணுகா வந்து நிக்கிறா."

கத்தி முனையால் கதவைச் சுரண்டினார்.

"உள்ளுக்கால மறிச்சிட்டால் நான் விட்டிடுவன் எண்டு நினைச்சியோ? மோட்டார் ஓடுது, கேக்குதோ? வந்தால் கெதியா முடியும். வராட்டில் ஆறுதலா முடியும். வாச்சரும் விபத்து. நீயும் விபத்து. பழுதான கதவுக்குள்ள மாட்டிப்பட்ட பெடியன். ஞானத்தாய்க் கிழவிக்கு என்ன செய்யிறதெண்டு பிறகு யோசிப்பம்."

கதவுக்குப் பின்னால் இருமல் கேட்டது. இந்த முறை அடக்க அவனால் முடியவில்லை.

சாம்பவி றேமண்டின் தோளைத் தொட்டுச் சுவரைக் காட்டினாள். அவர்களுடைய தலைக்கு மேலேயே, டேப் பிய்க்கப்பட்டு, சாம்பல்நிற வயரின் இரண்டு நுனிகளும் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தன. கீழே, ஈரத் தரையில், வரிவரியாக நிறம் பூசிய ஒரு சின்னத் தடையி. இவ்வளவு நாளும் ஒரு மனிதனைக் காப்பாற்றி வைத்திருந்த சாமான், அரிசிமணி போலக் கிடந்தது.

தன்னுடைய வாயால் கொடுத்த பாடத்தைச் சாம்பவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முகத்தை அப்படி றேமண்ட் ஒருநாளும் கண்டதில்லை. எதற்கும் கலங்காத மனுசி. இப்போது உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. அவளுக்கும் பயம் என்று தெரிந்தபோதுதான் றேமண்டுக்கு உண்மையான பயம் வந்தது.

அவன் கையை நீட்டி முறுக்கை அவிழ்க்கப் பார்த்தான். ஈரத்தில் வழுக்கியது. இன்னொரு தரம். முடியவில்லை.

நுளம்பைக் கூடக் கொல்லாது. மிஸ் சொன்னது. மிஸ் சொன்னதெல்லாம் இன்றைக்குச் சரியாக இருக்கவில்லையே, அந்தோனியாரே.

சட்டைப்பையில் இருந்து நகம் வெட்டியை எடுத்தான். முறுக்குக்குக் கீழே வயரைக் கொடுத்தான். கண்ணை மூடினான்.

டிக்.

மோட்டார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.

அந்த அமைதி உறுமலைவிடப் பயங்கரமாக இருந்தது. சாரங்கன் திடுக்கிட்டு மேலே பார்த்தார். 99.9 போய்விட்டது. −50.0 என்று சிவப்பாக எரிந்தது.

கொஞ்ச நேரம் அந்த இலக்கத்தையே பார்த்தார். கதவில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மூச்சுச் சத்தம் கூட இல்லை. எல்லாம் உறைந்து முடிந்துவிட்டது என்று அவருடைய தோள்கள் தளர்ந்தன. சிரித்தார். கத்தியை மற்றக் கைக்கு மாற்றி, கதவில் முதுகைச் சாய்த்து நின்று, காற்சட்டைப் பையில் இருந்து கைபேசியை எடுத்தார். தலைமயிரைச் சரிசெய்துகொண்டு இலக்கத்தை அழுத்தினார். யாரோ ஒரு நல்ல மனிதர் கெட்ட செய்தி சொல்லத் தயாராவது போல இருந்தது.

அடுத்த கணம், றேமண்டுக்குப் பக்கத்தில், மீன் பெட்டி மூடியின் மேல், சாம்பவியின் கைபேசி துடிக்கத் தொடங்கியது.

டர்ர்ர். டர்ர்ர்.

சாரங்கனின் தலை மெல்லத் திரும்பியது. "தேத்தண்ணி முடிஞ்சுதோ, அக்கா?"

றேமண்டின் கால்கள் தாமாகவே எழுந்தன. ஓடத்தான் எழுந்தன. ஆனால் அவர் கத்தியை நிமிர்த்துவதையும், அவருடைய முதுகு இன்னும் அந்தக் கதவில் சாய்ந்திருப்பதையும் அவன் கண்டான். குளிரறைக் கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்கும்.

கோயிலில் சுருதியே இல்லாமல் கத்துகிற அந்தக் குரலில், தன் முழு உயிரையும் சேர்த்துக் கத்தினான்:

"றமேஷ்! நான் றேமண்ட்! கதவைத் தள்ளடா! இப்ப!"

சாரங்கன் வாய்விட்டுச் சிரித்தார். "செத்தவனையோ கூப்பிடுறாய்? மேல பார். மைனஸ் அம்ப—"

கதவு பறந்து திறந்தது.

கனத்த இரும்புக் கதவு அவரை முதுகோடு தூக்கி மீன் பெட்டிகளின் மேல் எறிந்தது. பெட்டிகள் சரிந்தன. ஐஸும் சூரை மீனும் நடை முழுக்கச் சிதறின. கத்தி வழுக்கிக்கொண்டு போய்ச் சாக்கடை வாயில் விழுந்தது. சாம்பவி ஒரு மீன் பெட்டி மூடியைத் தூக்கி, எழும்பப் பார்த்தவரின் தலையில் ஒரு போடு போட்டாள். கோபம் தீரவில்லை. இன்னொன்றும் போட்டாள்.

கதவடியில், பெனியனோடு, இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி றமேஷ் நின்றான். குளிரில் பல் அடித்தது. ஆனால் நெற்றியில் பழைய வியர்வை இன்னும் காயவில்லை.

"என்ட குரல்தான் எண்டு எப்படியடா தெரிஞ்சுது?" என்றான் றேமண்ட். கிடைத்த மீன் பெட்டியில் உட்கார்ந்தான்.

"இவ்வளவு மோசமாக் கத்துறவன் உலகத்தில ஒருத்தன்தானே."

சாரங்கனை மீன் பெட்டிக் கயிற்றால் கட்டினார்கள். அலுவலகக் கதவைத் திறந்துவிட, பிறிஜெற் ஓடி வந்து முதலில் றமேஷின் நெற்றியில் சிலுவை போட்டாள். அடுத்தது றேமண்டின் கன்னத்தில் ஒரு அறை. "தனிய வா எண்டு சொன்னது ஏனெண்டு விளங்கயில்லையா? கொலைகாரனையே என்ட வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான், எருமை!"

"அன்ரி, நம்பரை எல்லாம் இவ்வளவு அழகா மாத்தினீங்களே. அந்தக் கிளாஸை மட்டும் ஏன் விட்டீங்க?"

"எந்தக் கிளாஸ்?" கிழவி திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். "ஐயோ மாதாவே. அது அங்கதான் எப்பவும் இருக்கும். ஆர் அதைப் பார்க்கிறது?"

தரையில் கிடந்த சாரங்கன் மேலே −50.0 ஐ வெறித்துக்கொண்டிருந்தார். திறந்த கதவால் வந்தது சாதாரணக் குளிர்காற்று. இலக்கம் இன்னும் அசையவில்லை. அவருக்கு இப்போதும் விளங்கவில்லை.

"பாதிப் பாடத்தில எழும்பிப் போனீங்கள், தம்பி," என்றாள் சாம்பவி. அவளுடைய குரலில் வெற்றி இல்லை. "என்ர வாய் இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சு. மிச்சப் பாதியை நீங்கள் இருந்து கேட்டிருந்தால் இந்தப் பிள்ளையின்ர உயிர் போயிருக்கும்."

வெளியே பொலிஸ் வாகனத்தின் சத்தம் மழைக்குள்ளால் கேட்டது. சாம்பவி இலக்கத்தை அழுத்தி, தன் கைபேசியை றேமண்டிடம் நீட்டினாள். "நீர் சொல்லும். எனக்கு இண்டைக்குக் கதைச்சது காணும்."

மறுமுனையில் ஒரே மணியிலேயே எடுத்தாள் றேணுகா. "ஓம்... சொல்லுங்க..." அதற்கு மேல் கேட்கப் பயந்து நின்றாள்.

றேமண்ட் ஏதாவது பகிடியாகச் சொல்லப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. கைபேசியை அப்படியே றமேஷின் பக்கம் பிடித்தான். றமேஷ் வாயைத் திறந்தான். சொல்லுக்குப் பதிலாக இருமல்தான் வந்தது. நடை முழுக்க எதிரொலிக்கும் நீண்ட இருமல்.

மறுமுனையில் அழுகை வெடித்தது.

"கேட்டுதா?" என்றான் றேமண்ட். "நேர்த்தியை வையுங்க. பூசை வேணாம்."